விடாப்பல்லவி

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை இரவுகளில், மதுரை நகரத்திலும் அதைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும், அம்மன் கோயில்களின் முன்னே கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் ஒருவழியாக ஓய்ந்து, மைக்செட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுப் பந்தலிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்ட பிறகு, ஊரெல்லாம் அடங்கிக் கிடக்கும் அந்த நேரத்தில், பாயில் புரண்டுகொண்டிருக்கும் ஒருவருடைய தலைக்குள் மட்டும் பாட்டு ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பது ஏன் என்ற கேள்வி நம்மில் அநேகருக்கு என்றாவது ஒரு நாள் எழுந்தே இருக்கும். ஒலியை உண்டாக்கிய கருவி நின்றுவிட்டது. காற்றில் அதிர்வு இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஆயினும் பாடகி எல்.ஆர்.ஈஸ்வரியின் அந்தக் கணீரென்ற குரல், பின்னால் முழங்கிய உடுக்கையோடும் பம்பையோடும், கேட்ட அதே வேகத்தில் ஒரு வரியைப் பாடி முடிக்கிறது. முடித்த மறுகணமே அதே வரியை மறுபடியும் எடுக்கிறது. அம்மனிடத்தில் மாறாத பக்தியும் அந்தப் பாட்டினிடத்தில் உண்மையான பிரியமும் உடையவர்கூட, இரவு இரண்டு மணிக்கு அது நூறாவது முறை எழும்போது அயர்ந்துதான் போவார்.

இந்த ஒரு கேள்விக்குள் வேறு பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஐந்து நிமிஷப் பாட்டு முழுவதும் வராமல் அதில் ஒரு வரி மட்டும் வருவானேன்? வருஷக்கணக்காகச் சிட்சை சொல்லிக்கொண்ட கீர்த்தனைகள் உள்ளே காத்திருக்க, கடை வாசலில் கேட்ட ஒரு ஜவுளி விளம்பரப் பாட்டு வந்து இடம் பிடித்துக்கொள்வானேன்? போ என்று விரட்டினால் போகாதது, வேறொரு காரியத்தில் நாம் ஆழ்ந்த நேரத்தில் சொல்லாமல் போய்விடுவது எப்படி? மனத்தை ஆராயும் விஞ்ஞானிகள் இக்கேள்விகளைப் பொருட்படுத்தி முறையாகப் பரிசோதனை செய்யத் தொடங்கியது பெரும்பாலும் இந்த நூற்றாண்டில்தான்.

பெயர் தேடிய பாஷைகள்

விஞ்ஞானிகளுக்கு முன்பே, உபத்திரவம் அனுபவித்த சாமானிய ஜனங்கள் தங்கள் தங்கள் பாஷையில் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஜெர்மானியர் வைத்த பெயர் ‘ஓர்வுர்ம்’, அதாவது காதுப்புழு. ஈரமான இடுக்குகளில் வாழ்வதும், வால் நுனியில் இடுக்கி போன்ற உறுப்புடையதும், உறங்குவோர் காதுக்குள் நுழைந்துவிடும் என்று ஐரோப்பியக் கிராமத்தார் வீணாக அஞ்சிவந்ததுமான ஒரு சிறு பூச்சிக்கு உரிய பெயர் அது. பின்னால் அது பாட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் அதையே சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘இயர்வோர்ம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். பிரேசில் நாட்டார் இவ்வகைப் பாட்டைச் சூயிங்கத்தின் பெயரால் அழைக்கிறார்கள். கோடைக்காலம் முழுவதும் கடற்கரைதோறும் ஒலித்து ஓயாத பாட்டுக்கு இத்தாலியர் இட்டிருக்கும் பெயர் வதை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜேம்ஸ் கெல்லாரிஸ் இதை மூளையின் அரிப்பாகப் பாவித்தார்: சொறிந்தால் அரிப்பு அடங்காமல் வளர்வது போலவே, வரியை உள்ளுக்குள் திருப்பிப் பாடுவதே அதை மேலும் பாடத் தூண்டுகிறது என்பது அவருடைய கருத்து.

பெயர் வைக்காமலே இந்த அவஸ்தையை நன்றாக வர்ணித்தவர் மார்க் ட்வெயின். 1876ஆம் வருஷம் ‘அட்லாண்டிக் மந்த்லி’ பத்திரிகையில் அவர் எழுதிய ஒரு கதையில், டிராம் வண்டிக் கண்டக்டர் டிக்கெட்டில் துளையிடுவதைப் பற்றிய ஒரு சில்லறைப் பாட்டு ஒருவனைப் பிடித்துக்கொள்கிறது. அவனால் உண்ணவோ உறங்கவோ எழுதவோ முடியவில்லை. கடைசியில் அதைத் தன் நண்பரான ஒரு பாதிரியாருக்குப் பாடிக் காட்டுகிறான். அந்த நிமிஷமே அவனை விட்டு நீங்கிப் பாதிரியாரைப் பற்றிக்கொள்கிறது. இந்தக் கதையில் உள்ள ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: பிடித்துக்கொண்டது பெரிய இசைப்புலவரின் சிருஷ்டியன்று, பத்திரிகையில் கண்ணில் பட்ட ஒரு துணுக்கு.

நம் பக்கத்தில் இதற்குப் பெயர்ச்சொல் இல்லாமலே காலம் தள்ளிவந்திருக்கிறோம். “காலையில இருந்து இதே பாட்டுத்தான் வாயில வருது” என்பார்கள். “மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு” என்பார்கள். பேச்சுக்கு இவை போதும். ஒரு நூலில் ஐம்பது இடங்களில் குறிப்பிட வேண்டிய விஷயத்துக்குப் பெயர் ஒன்று வேண்டியிருக்கிறது. காதுப்புழு என்று நாமும் பெயர்த்துக்கொள்ளலாமே என்றால், தமிழ்க் காதுக்குப் புழு என்றவுடன் நோயும் சீழுமே நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, வெளியிலிருந்து ஏதோ ஒரு ஜந்து உள்ளே புகுந்துவிட்டது என்ற தவறான எண்ணத்தை அப்பெயர் உண்டாக்கிவிடும் என்பது. ஆனால் நம்மிடம் வேறொரு வழக்கு இருக்கிறது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறவனைப் பார்த்து, “மறுபடியும் பழைய பல்லவியைப் பாட ஆரம்பித்துவிட்டான்” என்கிறோம். பாட்டில் எந்தப் பகுதி திரும்புவதற்கென்றே பிறந்ததோ அந்தப் பகுதியின் பெயரையே திரும்புதலுக்கு அடையாளமாக நம் முன்னோர் ஆக்கிவிட்டார்கள். ஆகவே விடாமழை, விடாப்பிடி, விடாக்கண்டன் என்ற சொற்களின் வரிசையில் விடாப்பல்லவி என்ற சொல்லை இந்நூலில் வழங்குகிறேன். இந்தப் பெயர் வெறும் அலங்காரமன்று, நிகழ்ச்சியின் காரணத்தையே அது சுட்டுகிறது என்பதை இனி வரும் பகுதிகளில் காட்ட முயல்வேன்.

ஓசையின்றிக் கேட்பது

தலைக்குள் பாட்டு ஓடுகிறது என்கிறோமே, அது உபசாரமான பேச்சா, அல்லது மூளையில் உண்மையாகவே ஏதாவது நடக்கிறதா? 2005இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர், மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன் இயந்திரத்துக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, பாட்டுகளை ஒலிபரப்பி, நடுநடுவே சில வினாடிகள் ஒலியைத் துண்டித்தார்கள். கேட்பவருக்குப் பழக்கமில்லாத பாட்டானால் அந்த இடைவெளி வெறும் மௌனமாகவே கழிந்தது. பழகிய பாட்டானால், காதுக்குப் பக்கத்தில் மூளையின் மேற்பரப்பில் ஒலியை ஏற்று அறியும் பகுதி இருக்கிறதே, அந்தச் செவிப்புறணி, ஒலி நின்ற பிறகும் தன் வேலையை நிறுத்தாமல் தொடர்ந்தது. இடைவெளியிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாகவே அவர்கள் சொன்னார்கள். அவர்களைப் பாடிக்கொள்ளும்படி யாரும் கேட்கவில்லை. விடுபட்ட இடத்தை மூளை தானே நிரப்பிற்று.

அவ்வாறு உள்ளே எழும் இசை மங்கலான நிழலன்று. டேனியல் லெவிடின், பெரி குக் என்ற இருவர், சாதாரண மனிதர்களைத் தங்களுக்குப் பழகிய பாட்டை ஞாபகத்திலிருந்து பாடச் சொல்லி அளந்து பார்த்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். பாடப்பட்டவற்றில் 100க்கு 72, மூல இசைத்தட்டின் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை. தாளம் போடத் தெரியாது என்று கூச்சப்படுகிறவர் மனத்திலும் காலப்பிரமாணம் இவ்வளவு துல்லியமாகப் பதிந்து கிடக்கிறது என்பதை நினைக்கும்போது, கச்சேரி மேடையில் வீற்றிருக்கும் வித்துவானுக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தட்டும் ரசிகருக்கும் இடையே நாம் எண்ணுமளவு தூரம் இல்லை என்றே படுகிறது.

இந்த உள்ளிசையை ஓடச் செய்வது எது? காதால் கேட்ட சொல் மனத்தின் முகப்பில் சுமார் இரண்டு வினாடிகளே நிற்கும். அதற்குள் நாம் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டால் இன்னும் இரண்டு வினாடி நீடிக்கும். கடைக்காரர் சொன்ன தொலைபேசி எண்ணை எழுதிக்கொள்ளத் தாள் தேடும்வரை முணுமுணுத்துக்கொண்டே போகிறோமே, அந்த வித்தைதான். உள்நாக்குச் சொல்ல உள்காது கேட்பதும், கேட்டதை மறுபடி உள்நாக்குச் சொல்வதுமான இந்த ஏற்பாட்டை 1974இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற பிரிட்டிஷ் உளவியலார் விவரித்தார்கள். இதை ஒலிச்சுழல் என்று அழைப்போம். பயனுள்ள இந்தச் சுழலில், நாம் ஏவாமலே ஒரு பாட்டு வரி ஏறி உட்கார்ந்து, செக்குமாடு போலச் சுற்றத் தொடங்குவதுதான் விடாப்பல்லவி.

ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்கு

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு அடி அடியாகப் பின்தொடர்வோம். ஆடி மாதத்தில் ஒரு நாள், ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனி செல்லும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து ஒரு பிரயாணி உட்கார்ந்திருக்கிறார். பஸ் புறப்படக் கால் மணி நேரம் இருக்கிறது. பக்கத்துத் தெருக் கோயிலில் ஒலிபெருக்கி பாடுகிறது. அவர் அதைக் கவனித்துக் கேட்கவில்லை, பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பாட்டின் அமைப்பைப் பார்ப்போம். நம் சினிமாப் பாட்டும், சினிமா மெட்டை ஒட்டி எழுந்த பக்திப் பாட்டும், பெரும்பாலும் ஒரு பல்லவியும் இரண்டு சரணங்களும் உடையவை. தொடக்கத்தில் பல்லவி இரண்டு முறை வருகிறது. முதல் சரணம் முடிந்தவுடன் ஒருமுறை. இரண்டாம் சரணம் முடிந்தவுடன் குறைந்தது ஒருமுறை, பல பாட்டுகளில் இருமுறை. ஆக ஒரு பாட்டுக்குள் ஒவ்வொரு சரணமும் ஒருமுறையே கேட்க, பல்லவி நான்கைந்து முறை கேட்டுவிடுகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் அதே பாட்டு இரண்டு தடவை போடப்பட்டால், நம் பிரயாணியின் காதில் எட்டுப் பத்துத் தடவை அதே வரி விழுந்திருக்கும். பத்திரிகையில் படித்த எந்த வாக்கியத்தையும் அவர் அத்தனை தடவை படித்திருக்க மாட்டார்.

ஆனால் எண்ணிக்கை மாத்திரமே காரணமென்றால் கடிகாரத்தின் ஓசையும் நம்மைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே! முக்கியமான காரணம் பல்லவியின் உருவத்தில் இருக்கிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற இந்தக் கட்டமைப்பைக் கீர்த்தனைக்கு வகுத்துத் தந்தவர் சீர்காழி முத்துத்தாண்டவர் என்று சங்கீத சரித்திரம் எழுதுவோர் கூறுவர். அக்காலம் தொட்டு, பாடகர் சரணத்தில் எவ்வளவு தூரம் சஞ்சரித்தாலும், இறுதியில் பல்லவியின் எடுப்பில் வந்து சேர்வதற்கென்று ஒரு வழியை ஒவ்வொரு பாட்டிலும் வைத்தே இயற்றுகிறார்கள். சரணத்தின் கடைசி ஸ்வரம் பல்லவியின் முதல் ஸ்வரத்துக்கு வழிவிடுகிறது. பல்லவியின் கடைசி ஸ்வரமும், இரண்டாம் முறை பாடவேண்டியிருப்பதால், அதே முதல் ஸ்வரத்துக்கே வழிவிடுகிறது. அதாவது, பல்லவி தன் முடிவிலேயே தன் தொடக்கத்தை வைத்திருக்கும் வட்டம். அதற்குள் நுழைந்த ஞாபகத்துக்கு வெளியேறும் வாசல் சரணம் ஒன்றுதான். சரணத்தின் சொற்களோ நம்மில் பலருக்கு மனப்பாடமாகத் தெரிவதில்லை. எனவே உள்ளே ஓடும் பாட்டு பல்லவியின் முடிவுக்கு வந்ததும், முன்னே போக வழி தெரியாமல், தெரிந்த ஒரே வழியில் திரும்பிவிடுகிறது.

நம் பிரயாணிக்கு இன்னொன்றும் நேர்கிறது. மூன்றாம் தடவை பாட்டு முதல் சரணத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது கண்டக்டர் விசில் கொடுக்கிறார். பஸ் நகர்ந்து ஒலி தேய்ந்து மறைகிறது. டார்ட்மத் பரிசோதனையில் ஒலியைத் துண்டித்தார்களே, அதே நிலைமை! விட்ட இடத்திலிருந்து அவர் மூளை பாட்டைத் தொடர்கிறது. சரணத்தை அரைகுறையாக முனகி, பல்லவியில் வந்து விழுகிறது. செக்கானூரணி தாண்டிய பிறகு சாலையின் இருபுறமும் தோப்பும் வயலும் மானாவாரிக் காடுமாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. பத்திரிகை முடிந்துவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை. உசிலம்பட்டி வரும்போது தாம் அதே வரியை விரலால் ஜன்னல் கம்பியில் தட்டிக்கொண்டிருப்பதை அவர் முதன்முதலாகக் கவனிக்கிறார். எப்போது தொடங்கிற்று என்று அவருக்குத் தெரியாது.

எந்தப் பாட்டுக்கும் இந்தச் சக்தி சமமாக உண்டா என்றால், இல்லை. இங்கிலாந்தின் டரம் சர்வகலாசாலையைச் சேர்ந்த கெல்லி ஜக்குபோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் 3,000 பேரிடம் விசாரித்து, அவர்கள் சொன்ன பாட்டுகளையும், அதே அளவு பிரபலமாயிருந்தும் யாரும் குறிப்பிடாத பாட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2016இல் எழுதினார்கள். பிடித்துக்கொள்ளும் பாட்டுகள் சற்று வேகமானவை. ஏறி இறங்கும் போக்கில் எளியவை, குழந்தைப் பாட்டுகளில் நாம் பழகிய போக்கை உடையவை. ஆனால் எங்கோ ஓரிடத்தில் எதிர்பாராத ஒரு தாவலோ, ஒரே ஸ்வரம் அடுக்கி வருவதோ அவற்றில் இருக்கும். எளிதில் பாட வரவேண்டும். அதே சமயம் முற்றிலும் சாதாரணமாகவும் இருக்கக்கூடாது. 2011 நவம்பரில் அனிருத் இசையில் தனுஷ் பாடி வெளிவந்த ‘கொலவெறி’ப் பாட்டை அன்று நாடு முழுவதும், தமிழே அறியாதவர்களும், அதை இகழ்ந்து பேசியவர்களும்கூட, முணுமுணுத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கும். பேச்சுக்கு மிக அருகில் நிற்கும் எளிய மெட்டும், அடுக்கி அடுக்கி வரும் ஒரே சொல்லோசையும் அதில் கூடியிருந்தன.

பேச்சு பாட்டாக மாறும் இடம்

ஆரப்பாளையத்தை விட்டு நகர்வதற்கு முன், அங்கே ஒலிக்கும் மற்றொரு குரலையும் கேட்டுவிடலாம். பஸ் வாசற்படியில் ஒரு கால் ஊன்றி நின்று, “தேனி, தேனி, தேனி, தேனீ” என்று ஆள் கூப்பிடும் கண்டக்டரின் குரல் அது. முதல் மூன்றும் தட்டையாக, ஒரே உயரத்தில், இடைவெளியின்றி வரும். நான்காவதில் கடைசி உயிர் நீண்டு, குரல் சற்றே இறங்கும். முதல் முறை கேட்கையில் அது ஓர் ஊரின் பெயர். பத்தாம் முறை கேட்கையில் ஊர் மறைந்துபோய் ஒரு மெட்டு மட்டும் நிற்கிறது.

இந்த மாற்றத்தை 1995இல் கலிஃபோர்னியாவில் டயானா டாய்ச் என்ற அம்மையார் தற்செயலாகக் கண்டுபிடித்தார். ஒலிப்பதிவு செய்த தம்முடைய பேச்சைச் செப்பனிடுவதற்காக அதில் ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தபோது, வேற்று ஆள் யாரோ அறையில் பாடுவது போல் அவருக்குக் கேட்டது. பதிவில் ஓர் அணுவும் மாறவில்லை. மாறியது கேட்கும் முறை. ஒரே சொல் மீண்டும் மீண்டும் வரும்போது பொருளை ஆராயும் வேலை தீர்ந்துவிடுகிறது; ஓய்ந்த கவனம் சொல்லின் ஏற்ற இறக்கத்துக்குத் திரும்புகிறது; பேச்சு பாட்டாகிவிடுகிறது. திரும்பவருதல் என்பது இசையின் ஓர் அலங்காரம் என்றே நாம் நினைத்துவந்திருக்கிறோம். இசையை இசையாகக் கேட்கச் செய்வதிலேயே அதற்குப் பங்கு உண்டு என்பதை இந்தச் சிறு சோதனை புலப்படுத்துகிறது.

யாரை, எப்போது

பின்லாந்தில் லாசி லீக்கனென் என்பவர் 12,000 பேருக்கு மேல் விசாரித்தபோது, பத்தில் ஒன்பது பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது இது தமக்கு நேர்வதாகச் சொன்னார்கள். ஆகவே இதை நோய் என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. இன்னொரு செய்தி அநேகருக்கு ஆச்சரியமாக இருக்கும்: எரிச்சலூட்டும் பாட்டுகளே வந்து ஒட்டிக்கொள்கின்றன என்ற நம் முறையீடு சரியன்று. நேர்கிறபோதே குறித்துவைக்கச் சொல்லிப் பார்த்தால், உள்ளே ஓடும் பாட்டுகளில் பெரும்பாலானவை நமக்குப் பிடித்தவையாகவோ, பிடித்தம் பிடிக்காமை இரண்டும் இல்லாதவையாகவோ இருக்கின்றன. அவை வந்து போனதை நாம் மறந்துவிடுகிறோம். வதைத்தவற்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம்.

நேரத்தைப் பொறுத்தவரை, மனத்துக்கு வேலை மிகக் குறைவாக இருக்கும்போது இது எளிதில் தலைகாட்டுகிறது: நடக்கும்போது, பாத்திரம் துலக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம். வேலை அளவுக்கு மிஞ்சிக் கடினமாகி, மனம் அதனின்று நழுவும்போதும் வருவதாக அமெரிக்காவில் ஐரா ஹைமன் என்ற உளவியலார் 2013இல் காட்டியிருக்கிறார். பரீட்சைக்கு முந்திய இரவில் கணக்குப் புத்தகத்தின் முன்னே மாணவர்கள் படும் பாடு இதுவே.

இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்பதற்கும் ஒரு விடை கிடைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரத்துச் சர்வகலாசாலையில் பெஞ்சமின் கியூபிட், பீட்டர் ஜனாட்டா என்ற இருவர், கேட்டிராத புது இசைத் துணுக்குகளை ஆட்களுக்குப் பழக்கி, அவற்றைப் பின்னணியாகச் சேர்த்துச் சில திரைப்படக் காட்சிகளைக் காட்டி, சில நாள் கழித்துச் சோதித்தார்கள். எவருக்கு அந்த இசை அடிக்கடி தலைக்குள் ஓடியதோ அவரே இசையையும், அதோடு சேர்ந்து வந்த காட்சியின் விவரங்களையும் நன்றாக நினைவு வைத்திருந்தார். 2021இல் வெளியான இந்த முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. மெட்டு சுற்றும்போது தனியாகச் சுற்றுவதில்லை; அதோடு சேர்ந்து பதிந்ததையும் இழுத்துக்கொண்டே சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் அதை இன்னும் ஆழமாகப் பதிக்கிறது.

வெள்ளைக் கொக்கு

இந்த உண்மையை ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்து, அதைக் கொண்டு ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்தவர்கள் மதுரையில் இருந்தார்கள். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற நாடகக் குழுவை நிறுவிய இந்நகரம், அக்காலத் தமிழ் நாடக மேடைக்கே தலைநகரமாக விளங்கிற்று. இங்கே மதுரகவி பாஸ்கரதாஸ் நாடகங்களுக்குப் பாட்டு எழுதிவந்தார். 1931இல் தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ படத்துக்கும் பாட்டு எழுதியவர் அவரே. வெள்ளைக் கொக்கு பறப்பதைப் பற்றிய அவருடைய பாட்டொன்றை, நாடக நடிகரான தியாகி விஸ்வநாததாஸ் புராண நாடகங்களுக்கு நடுவே மேடையில் பாடுவார். கொக்கு என்பது வெள்ளைக்காரனே என்பதைச் சபையில் எல்லாரும் அறிவார்கள், போலீஸாரும் அறிவார்கள். அதனால் விஸ்வநாததாஸ் பலமுறை சிறை சென்றார்.

அந்தக் காலத்து நாடகம் இரவு பத்து மணி சுமாருக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். விடிந்ததும் திருமங்கலம் பக்கத்துக்கும் சோழவந்தான் பக்கத்துக்கும் போகவேண்டிய ஜனங்கள் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் திரும்புவார்கள். உறக்கமில்லாத தலை, வேலையில்லாத மனம், நீண்ட பாதை, திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய பல்லவி: விடாப்பல்லவிக்கு வேண்டிய சாதனங்கள் எல்லாம் அங்கே ஒருங்கே கூடியிருந்தன. பாடியவரைக் கைது செய்யலாம். அச்சிட்ட புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம். வண்டியில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பவன் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் வரியை எந்தச் சட்டத்தைக் கொண்டு எடுப்பது?

அக்காலத்துப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்கள், ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். ஸ்வரம் எழுதிப் பயனில்லை. வாங்குகிறவருக்கு ஸ்வரம் தெரியாது. ஆனால் ஜனங்கள் மனத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மெட்டின் பெயரைச் சொன்னால் போதும், புதுச்சொற்கள் அதன்மேல் ஏறிக்கொள்ளும். ஜாலியன்வாலாபாக் படுகொலையைப் பற்றிய பாட்டும், கதரைப் பற்றிய பாட்டும், கள்ளுக்கடை மறியல் பாட்டும் இவ்விதம்தான் எழுத்தறியாத கிராமங்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்தன. விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31ஆம் தேதி, சென்னையில், வள்ளி திருமண நாடகத்தில் முருகன் வேடத்தோடு மேடையில் பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது.

விடுவித்துக்கொள்ளும் வழிகள்

ஆயினும் தூக்கம் வேண்டுகிறவருக்கு இந்தப் பெருமைகளால் ஆறுதல் கிடையாது என்பதை நான் உணர்கிறேன். முதலாவதாக, நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முயல்வது வீண். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்கர், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்து அதைப் பரிசோதனையாகவே செய்து, அடக்கிய நினைவு பின்னர் முன்னிலும் அதிகமாக எழுகிறது என்று நிரூபித்தார்.

இரண்டாவது வழி, வட்டத்துக்கு வாசல் திறந்துவிடுவது. சரணங்களின் சொற்களைத் தேடிப் படித்து, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை முழுவதும் பாடிவிட வேண்டும். வெளியேறும் வழி சரணத்தில் இருக்கிறது என்று மேலே சொன்னதற்கு இது பொருத்தமானது. பலர் அனுபவத்தில் கண்ட முறையுமாகும். மூன்றாவது, ஒலிச்சுழலுக்கு வேறு வேலை தருவது. எளிதுமன்றிக் கடினமுமன்றி இருக்கும் சொற்புதிர்களில் ஈடுபடும்போது பாட்டு அடங்குவதை ஹைமன் கண்டார். வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்துப் போட்டி இதற்கு ஏற்றது.

நான்காவது வழி 2015இல் இங்கிலாந்தின் ரெடிங் சர்வகலாசாலையிலிருந்து வந்தது. ஃபிலிப் பீமனும் கூட்டாளிகளும், பிடித்துக்கொள்ளும்படியான ஒரு பாட்டைக் கேட்கச் செய்த பிறகு, ஒரு சாராரைச் சூயிங்கம் மெல்லச் சொன்னார்கள். அவர்களுக்குப் பாட்டு தலைக்குள் எழுவது குறைந்தது. விரலால் தட்டிக்கொண்டிருக்கச் சொல்லிப் பார்த்தபோது அவ்வளவு பலன் இல்லை. உள்நாக்குப் பாடுவதற்கு, உண்மையான நாக்கையும் தாடையையும் ஆளும் அதே ஏற்பாடு தேவைப்படுகிறது. அது மெல்லுவதில் ஈடுபட்டிருக்கும்போது பாட்டைச் சுற்றவிட அதற்கு வசதிப்படுவதில்லை. மெல்லுவதற்கு மதுரை நாட்டில் பஞ்சமில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை வைகைக் கரைக் கொடிக்கால்களிலிருந்து நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்குபவை என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டிருப்பதால், அவை இரண்டையும் நீக்கி, நரம்பு கிள்ளிய வெற்றிலையில் சிறிது சோம்பும் கற்கண்டும் வைத்து மடித்து, நிதானமாக மெல்லலாம். வெற்றிலைப் பழக்கமில்லாதவர்கள் வறுத்த நிலக்கடலை ஒரு பிடி எடுத்துக்கொள்ளட்டும்.